வரிசை தப்பிய கேள்விகள்

திங்கட்கிழமை, 1960 ஜனவரி

செங்கோடன் மாஸ்டர் இன்று வகுப்பில் எல்லோருக்கும் ஒரு வேலை கொடுத்தார். தினமும் கொஞ்சமாவது எழுத வேண்டும். தமிழில் எழுதினாலும் சரி. ஆனால் படிக்கிறவனுக்கு நம்மைத் தெரியாது என்று வைத்துக்கொண்டு எழுத வேண்டும்.

“தெரிய வேண்டியது அத்தனையும் தாள்லயே இருக்கோணும். அப்படி எழுதிப் பழகினாத்தான் அடுத்தவன் எழுதின தாளை அப்படிப் படிக்க வரும்,” என்றார்.

“நம்மளைத் தெரிஞ்சவனே படிக்க மாட்டானுங்க மாஸ்டர். தெரியாதவன் எதுக்குங்க படிக்கிறான்?” என்றான் காளியப்பன்.

“சர்வீஸ் கமிஷன்ல உன் தாளைத் திருத்தறவன் உனக்கு மாமனா மச்சானா? அவன் படிக்கிறானில்ல?”

ஆகவே தெரியாதவருக்காக எழுதுகிறேன். என் பெயர் சூசைமாணிக்கம். வயது இருபத்து நான்கு. சேலத்திலிருந்து பனமரத்துப்பட்டி போகும் பாதையில் எங்கள் ஊர். பகலில் செவ்வாய்ப்பேட்டையில் ஓர் இரும்புக் கடையில் சரக்கு எடுத்துக் கொடுக்கிறேன். கடை வேலை முடிந்ததும் அதே தெருவில் ஒரு புண்ணாக்கு மண்டியின் மாடியில் நடக்கும் மாலை வகுப்புக்குப் போகிறேன். குமாஸ்தாப் பரீட்சைக்கான வகுப்பு. மாஸ்டர் எங்களைவிட ஓரிரு வயதுதான் மூத்தவர். அதே பரீட்சையை எழுதி எழுதித் தவறி வயது தாண்டிப் போனவர். “எந்தெந்தக் குழியில உழலாம்னு என்னைவிடத் தெரிஞ்சவன் இந்தச் சேலத்துல இல்லை” என்று அவரே சொல்லிக்கொள்வார்.

நானும் ஒருமுறை எழுதித் தவறினேன். கணக்கிலும் பொது அறிவிலும் தேறினேன். இங்கிலீஷ் தாளில் ஒரு பாஸேஜ் கொடுத்து அதன் கீழே கேள்விகள் கேட்பார்கள். அதில்தான் விழுந்தேன். மார்ச் கடைசியில் மறுபடி பரீட்சை வருகிறது. அடுத்த வருடம் எனக்கும் வயது தாண்டிவிடும்.

இன்னொன்றையும் எழுதினால்தான் படிப்பவருக்கு விளங்கும். என் அப்பா ஞானதாஸ், எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலின் உபதேசியார். மணி அடிப்பது, பூசையில் செபங்களை முன்சொல்வது, சாமியார் என்று நாங்கள் சொல்லும் பாதிரியார் வராத ஞாயிறுகளில் சனங்களைக் கூட்டிச் செபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித் தருவது எல்லாம் அவர் வேலை. தாத்தாவும் உபதேசியார்தான். சில வருடங்களாக அப்பாவுக்குத் தொண்டை கெட்டுக் குரல் போய்விட்டது. காற்றாகத்தான் பேச்சு வருகிறது. அவர் வேலைகளில் பாதிக்கு மேல் இப்போது நான் செய்கிறேன். நாங்கள் இருக்கும் வீடு கோயிலுடையது. உபதேசியார் யாரோ அவருக்குத்தான் அந்த வீடு.

பரீட்சையில் தேறினால் நான் குமாஸ்தா. வாடகைக்கு வீடு பிடித்து அப்பா அம்மாவை வைத்துக் காப்பாற்றலாம். தேறாவிட்டால் உபதேசியார். மூன்றாவது வழி எனக்குத் தெரியவில்லை.

எனக்கு உபதேசியார் வேலையில் வெறுப்பு இல்லை. இந்த வாக்கியத்தை எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன். வெறுப்பு இல்லை. ஆனால் மணிக்கயிற்றைப் பிடிக்கும்போதெல்லாம் அதை நான் இழுக்கிறேனா, அது என்னை இழுக்கிறதா என்று சந்தேகம் வந்துவிடுகிறது.

புதன்கிழமை

இன்றைய பாஸேஜ் ஓர் ஏரியைப் பற்றியது. எந்த நாட்டு ஏரி என்று இல்லை. அந்த ஊர்ப் பெண்கள் விடியற்காலையில்தான் தண்ணீர் எடுப்பார்களாம். ஏன் என்பது கேள்வி. காலைத் தண்ணீர் குளிர்ச்சி, வெயில் ஏறினால் குடத்தோடு நடக்க முடியாது, வீட்டு வேலைக்குத் தண்ணீர்தான் முதலில் வேண்டும் என்று காரணங்களை அடுக்கி, இங்கிலீஷில் பிழை இல்லாமல் எழுதினேன். மாஸ்டர் குறுக்கே கோடு இழுத்துச் சைபர் போட்டார்.

“தப்புங்களா மாஸ்டர்?”

“தப்புன்னு யாரு சொன்னா? பனமரத்துப்பட்டி ஏரிக்கு இது சரி. இந்த ஏரிக்கு இல்லை. ரெண்டாவது பத்தியில கடைசி வரியப் படிங்க.”

மாலையில் காற்று எழும்பிச் சேற்றைக் கலக்கிவிடும், பொழுது விடிவதற்குள் அது மறுபடி அடியில் படிந்துவிடும் என்று அங்கே தெளிவாக இருந்தது. அந்த வரியை நான் முன்பே படித்திருந்தேன். படித்த ஞாபகம்கூட இருக்கிறது. பதில் எழுதும்போது மட்டும் அது எங்கே போயிற்று?

காளியப்பன் சரியாக எழுதியிருந்தான். அவன் எடப்பாடிக்காரன், துணிக்கடையில் வேலை. இங்கிலீஷ் என்னைவிட அவனுக்குக் கொஞ்சம் குறைவுதான். பஸ் நிற்கும் இடத்துக்கு நடக்கும்போது, எப்படி எழுதினாய் என்று கேட்டேன்.

“எங்க பக்கம் காவேரி. ஏரியப் பத்தி எனக்கு என்ன தெரியும்? அவன் சொன்னதை எடுத்து அப்படியே எழுதிப்புட்டேன். உனக்கு ஏரி தெரிஞ்சு போச்சு, அதான் உனக்கு வினை.”

“அப்ப ஒண்ணும் தெரியாம இருக்கிறதுதான் நல்லதா?”

“பின்னே? என்னைப் பாரு, எவ்வளவு தெளிவா இருக்கேன்.”

ஞாயிற்றுக்கிழமை

இன்று பூசை முடிந்ததும், பழைய பயிற்சித் தாள்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு தவறான பதில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஏன் தவறு என்று எழுதிப் பார்த்தேன். அர்த்தம் தெரியாத சொல்லால் வந்த தவறுதான் அதிகம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் ஒரு வருடமாக அகராதியைப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்துவந்தேன். ஆனால் அப்படிப்பட்ட தவறு மிகச் சிலதான். ஓட்டை ஓரிடத்தில் இருக்க வேறிடத்தை அடைத்திருக்கிறேன்.

தவறுகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, ஏரியில் நடந்தது போல: உலகத்தில் உண்மை, தாளில் இல்லை. மற்றது இன்னும் மோசம். வண்டிக்காரன் மழைக்கு முன்னால் என்ன செய்தான் என்று கேட்டிருக்கிறார்கள். மழைக்குப் பின்னால் செய்ததை எழுதியிருக்கிறேன். கடிதம் யாருக்கு வந்தது என்று கேட்டால் யாரிடமிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறேன். கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று.

இந்த இரண்டாவது வகை எதனால் வருகிறது? கண் கோளாறா, அவசரமா, மந்தமா? மந்தம் என்று குறித்துவைத்தேன்.

சனிக்கிழமை, பிப்ரவரி

காரணம் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். இன்று கடை அரைநாள். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தேன்.

கோயிலின் மேற்குச் சுவர் நிழலில் அவர்கள் உட்கார, நான் கேள்வியைச் சொல்ல, அவர்கள் ஒரே குரலில் பதிலைச் சொல்ல வேண்டும். கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. தாத்தா காலத்திலிருந்து அதே வரிசை. நானும் அந்தச் சுவர் நிழலில் உட்கார்ந்து அப்பாவிடம் அப்படித்தான் படித்தேன்.

இன்று காற்றில் பக்கம் புரண்டு, ஒரு கேள்வியை விட்டுவிட்டேன். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தை எதற்காகச் செய்கிறோம் என்று கேட்டேன்.

“ஏழு,” என்று எல்லாப் பிள்ளைகளும் சுவர் அதிரச் சொன்னார்கள்.

ஞானஸ்நானம் முதலான தேவதிரவிய அனுமானங்கள் எத்தனை என்பது நான் விட்டுவிட்ட கேள்வி. அதற்குப் பதில் ஏழு. முன்வரிசையில் இருந்த ஜெபமலரை எழுப்பினேன். கெட்டிக்காரப் பெண், குரலும் எடுப்பு.

“நான் இப்ப என்ன கேட்டேன்?”

“அடுத்த கேள்விங்க.”

“அது என்ன கேள்வி?”

“கேள்வி தெரியாதுங்க. பதில்தானுங்க தெரியும்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி முடிவதற்கு முன்பே பதிலுக்கு வாய் திறக்கும் பழக்கத்தை நான் இங்கேதான் கற்றிருக்கிறேன். கேட்கிறவர் அடுத்ததாக எதைக் கேட்பார் என்பது எனக்கு முன்பே தெரியும். ஆகையால் அவர் கேட்பதைக் காதில் வாங்க வேண்டியதில்லை. பாஸேஜின் கீழே உள்ள கேள்வியிலும் முதல் சொல்லைப் பார்த்ததும் மீதியை நானே போட்டுக்கொள்கிறேன்.

அப்பாவும் இப்படித்தான். அவர் கேட்கும் கேள்விக்குப் பதில் எப்போதும் அவரிடமே இருக்கும். “மணி அடிச்சாச்சா?” என்பார், அடித்தது அவர் காதில் விழுந்திருக்கும். “சாப்ட்டியா?” என்பார், தட்டைக் கழுவியதை அவர் பார்த்திருப்பார். தெரியாத ஒன்றை அவர் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை

புது முறை ஒன்றை வைத்துப் பார்த்து வருகிறேன். முதலில் பாஸேஜைக் கையால் மறைத்துக்கொண்டு கேள்விகளை மட்டும் படிக்கிறேன். ஒவ்வொரு கேள்வியும் என்ன கேட்கிறது என்று எனக்கு நானே தமிழில் சொல்லிக்கொள்கிறேன். அதன் பிறகுதான் பாஸேஜ். ஒவ்வொரு பத்தி முடிந்ததும், இதில் என்ன சொன்னான் என்று ஓரத்தில் இரண்டு மூன்று சொற்களில் எழுதுகிறேன். பதில் எழுதும் முன் அது இருக்கிற வரியில் இடது கை விரலை வைக்கிறேன். விரல் வைக்க வரி இல்லையென்றால் பதிலும் இல்லை. எழுதிய பின் மறுபடி கேள்வியைப் படித்து, இந்தப் பதில் இந்தக் கேள்விக்குத்தானா என்று பார்க்கிறேன்.

ஆரம்பத்தில் நேரம் போதவில்லை. பாதிக் கேள்வியில் மாஸ்டர் தாளைப் பிடுங்கிவிட்டார். இருந்தாலும் எழுதிய பாதி முழுதும் சரியாக இருந்தது. இதுவரை அப்படி நடந்ததில்லை. தற்செயலாகவும் இருக்கலாம்.

“இப்படி விரலை வெச்சு வெச்சுத் தாளே ஓட்டையாப் போயிரும் பாரு,” என்றான் காளியப்பன்.

கடையிலும் இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. வழக்கமாகக் கீல் வாங்கும் ஆசாரி ஒருவர் இன்று வந்து வாயைத் திறந்தார். என் கை தானாகக் கீல் பெட்டிக்குப் போனது. நிறுத்திக்கொண்டு அவர் சொல்லி முடிக்கட்டும் என்று நின்றேன். அவர் கேட்டது கதவுக் கொண்டி. “என்றா, புதுசா நின்னு கேக்கறே?” என்றார் முதலாளி.

சனிக்கிழமை

எனக்குப் பயிற்சி வேண்டும். கேள்வியை வரிசை மாற்றிக் கேட்டுப் பழக வகுப்பைத் தவிர வேறு இடமில்லை என்று இருந்தேன். பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்று அவர்களிடம் நடுவிலிருந்து ஒன்று, கடைசியிலிருந்து ஒன்று என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பின்வரிசைப் பையன் ஒருவன் அழுதுவிட்டான்.

அப்பா வீட்டு வாசலிலிருந்து எழுந்து வந்தார். பிள்ளைகள் போகும்வரை சுவரோரம் நின்றார். பிறகு அருகில் வந்து, காற்றுக் குரலில் சொன்னார்:

“வரிசைய மாத்தாதே. படிக்கட்டுக்குக் கைப்புடி இருக்கிற மாதிரி அதுங்களுக்கு அது. புடுங்கினா உழுந்துருங்க.”

“சாமியாரு யாராச்சும் மாத்திக் கேட்டா பிள்ளைங்க என்னங்கப்பா பண்ணும்?”

“எந்தச் சாமியாரு மாத்திக் கேப்பாரு? அவங்களும் இந்த வரிசையில படிச்சவங்கதானே.”

நான் செய்வது பிள்ளைகளுக்காக அல்ல என்பது எனக்குத் தெரியும். வெளியே போவதற்காக நான் பழகும் பழக்கத்தை அவர்கள் மேல் வைத்துப் பார்க்கிறேன். அப்பாவுக்கு அது தெரிந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது. ஆனாலும் நிறுத்தப் போவதில்லை. முதலில் அப்பா காது கேட்க வரிசையாக ஒருமுறை; பிறகு விளையாட்டு என்று சொல்லி வரிசை மாற்றி. கேள்வி முடியும் முன் வாயைத் திறந்தவர் அவுட்.

ஞாயிற்றுக்கிழமை, மார்ச்

பாஸ்கு என்கிற ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலம் தொடங்கிவிட்டது. பாஸ்குவுக்குப் பிறகு புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்கப் போகும் பிள்ளைகளைச் சோதிக்க இன்று வேறு பங்கிலிருந்து ஒரு சாமியார் வந்தார். எங்கள் ஊர்ப் பிள்ளைகளோடு பக்கத்து ஊர்ப் பிள்ளைகளையும் கோயிலில் கூட்டியிருந்தார்கள். வந்தவர் இளவயது. கையில் புத்தகம் இல்லை. பிள்ளைகளுக்கு நடுவில் நடந்துகொண்டே மனத்தில் தோன்றியதைத் தோன்றிய வரிசையில் கேட்டார்.

பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் முதல் கேள்விக்கே முழித்தார்கள். பிறகு தைரியம் வந்து எதற்கெடுத்தாலும் ஏதோ ஒரு பதிலை முழுதாகச் சொன்னார்கள். எங்கள் பிள்ளைகள் கேள்வி முடியும்வரை வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார்கள். அவுட் ஆகிவிடக் கூடாதல்லவா. ஜெபமலர் அவரையே திருப்பிக் கேட்டாள்: “நீங்க கேட்டது எதுக்குன்னுங்களா, எப்பன்னுங்களா சாமி?”

சனங்கள் சிரித்தார்கள். வந்த சாமியார் சிரிக்கவில்லை. அவள் தலையில் கை வைத்து, “எதுக்குன்னு கேட்டேம்மா,” என்றார். அவள் சரியாகச் சொன்னாள்.

எங்கள் பங்குச் சாமியார் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த நேரம் எனக்கு நிறைந்த சந்தோஷம். இதை விட்டுவிட்டு எழுதினால் படிப்பவருக்கு என்னைத் தவறாகத் தெரியும். அந்தக் கொஞ்ச நேரம் நான் முழு உபதேசியாராகவே நின்றேன்.

அடுத்த ஞாயிறு

பிரசங்கம் முடிந்ததும் பங்குச் சாமியார் பீடத்திலிருந்து சனங்களுக்கு அறிவித்தார். ஞானதாஸ் உபதேசியார் இத்தனை காலம் உழைத்துக் களைத்துவிட்டார். அவர் மகன் சூசைமாணிக்கம் பிள்ளைகளை எப்படிப் பழக்கியிருக்கிறான் என்று எல்லோரும் பார்த்தீர்கள். பாஸ்கு முதல் அவன்தான் நம் உபதேசியார்.

முன்னால் நின்று செபம் சொல்லிக்கொண்டிருந்த நான் அடுத்த செபத்தைத் தொடங்கினேன். அது வரிசைப்படி தானாக வாயில் வந்தது.

வெளியே எல்லோரும் கையைப் பிடித்தார்கள். “தாத்தன், அப்பன், பேரன். வேற யாரு இருக்கா இந்த ஊருக்கு,” என்றார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உங்கப்பா காலத்துலகூட இப்படி ஒரு பேரு வரலை கண்ணு. ஊட்டைப் பத்தின கவலை இன்னியோட எனக்குத் தீந்துது,” என்றாள். அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பீடத்துணியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, வீட்டுக்கு முன்னால் நடந்து போய்விட்டார்.

இரண்டு மாதமாக வெளியே போக வழி வெட்டினேன். அது சுற்றிக்கொண்டு வந்து கோயில் வாசலிலேயே திறந்திருக்கிறது. மந்தமாக இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் விட்டுவைத்திருப்பார்கள்.

திங்கட்கிழமை

வகுப்பில் சொன்னேன். மாஸ்டர் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே புண்ணாக்கு மூட்டை ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் வகுப்புல படிச்சு ஒருத்தர் வேலைக்குப் போயிட்டாருன்னு போர்டுல எழுதிக்கலாங்களா? எந்த வேலைன்னு போட வேண்டாம்,” என்றார்.

காளியப்பன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். “பரீட்சைக்கு வாரியில்ல?” என்றான்.

வருவேன் என்றேன். ஹால் டிக்கெட் வந்தாயிற்று. வேறு காரணம் எதுவும் அப்போது எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை, பரீட்சை அன்று

முதல் பஸ்ஸுக்குப் போவதற்குள் காலை மணி அடிக்க வேண்டுமே என்று விடியும் முன் எழுந்தேன். சட்டை மாட்டும்போதே மணி ஒலித்தது. கோயிலில் அப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். இழுக்கிற வேலை வேண்டாம் என்று வைத்தியர் சொல்லி வெகுநாள் ஆயிற்று. என்னைப் பார்த்து, பஸ் வரும் திசைக்குத் தலையை அசைத்தார். அவ்வளவுதான்.

பாஸேஜ் ஒரு பரிசல்காரனைப் பற்றியது. கேள்விகளை முதலில் படித்தேன். பத்திக்குப் பத்தி குறித்துக்கொண்டேன். விரல் வைத்து வைத்து எழுதினேன். கடைசிக் கேள்வியில் மாட்டிக்கொண்டேன். பரிசல்காரன் ஏன் தன் பரிசலை விற்றான்?

எங்கும் இல்லை. மறுபடி மேலிருந்து கீழே வரை தேடினேன். பாலம் திறந்த பிறகு கரையில் நின்று அவனைக் கூப்பிடுவார் இல்லை என்று ஒரு பத்தியில் இருக்கிறது. இரண்டு பத்தி தள்ளி, அந்த மாதமே அவன் பரிசலை விற்றான் என்று இருக்கிறது. அதனால் விற்றான் என்று எந்த வரியும் சொல்லவில்லை. பாலத்தினால்தான் என்று எழுதினால், மறுபடி என் தலையிலிருந்து எடுத்து எழுதுகிறேனா? பழைய ஏரித் தவறா? வரி இல்லையென்றால் பதில் இல்லை என்று நானே வைத்த விதி. விட்டுவிடலாமா என்று பேனாவை மூடப் போனேன்.

பிறகு இடது கைச் சுட்டுவிரலைப் பாலத்து வரியிலும் கட்டைவிரலை அவன் விற்ற வரியிலும் வைத்துப் பார்த்தேன். இரண்டு விரலும் தாள் மேல்தான் இருந்தன. என் தலையிலிருந்து ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஒன்றுக்கொன்று பக்கத்தில் வைத்தால் போதும். எழுதினேன். சரியா தவறா தெரியாது. காளியப்பனும் அதையே எழுதியிருக்கிறான் என்று வெளியே வந்ததும் சொன்னான். அது நம்பிக்கை தருகிறதா, பயம் தருகிறதா என்று நிச்சயமில்லை.

முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். பாஸ்கு அதற்கு முன் வந்துவிடும்.

பெரிய வியாழன்

இன்று மாலைப் பூசையில் ஒருமுறை மணி ஒலித்தபின், சேசுநாதர் பாடுபட்ட துக்கத்துக்காகச் சனிக்கிழமை இரவு வரை ஒலிக்காது. அதுவரை மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டிச் சத்தம் கொடுப்பது வழக்கம். வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் கட்டை. காலையில் அப்பா அதை வாசலில் வைத்துத் தூசி தட்டித் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா ஏரிக்கரைப் பக்கம் விறகுக்குப் போயிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்தேன்.

இரண்டு நாளாக நான் யோசித்துக்கொண்டிருந்தது இதுதான். அறிவிப்பு வந்த அன்று ஊரே பேசியது, அப்பா பேசவில்லை. பரீட்சை அன்று தொண்டையையும் பார்க்காமல் அவரே மணி அடித்தார். இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்தால் ஒன்றுமில்லை. பக்கத்தில் வைத்தால், நான் போவதை அவர் தடுக்க மாட்டார் என்று ஆகிறது. ஆசையினால் அப்படிப் படிக்கிறேனோ என்ற சந்தேகமும் விடவில்லை.

“சாமியாரு என்னை ஒண்ணும் கேக்கலைங்கப்பா. அவராவே சொல்லிட்டாருங்க,” என்றேன்.

“கேக்க மாட்டாங்க,” என்றார். துணியை உதறி மடித்துப் போட்டார். “எங்கப்பா செத்தன்னிக்கு, அடக்கம் முடிஞ்சு வந்ததும் மணிக்கயித்தை எங்கையில குடுத்துட்டாங்க. என்னையும் யாரும் கேக்கலை.”

கட்டையை ஒருமுறை தட்டிப் பார்த்தார். காய்ந்த சத்தம். பிறகு என்னைப் பார்த்தார்.

“உனக்கு வேண்டாமா?”

அவர் முகத்தைக் கவனித்தேன். பதில் அதில் இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்கிறார். கேள்வி முழுவதும் முடிந்துவிட்டதா என்று கொஞ்சம் காத்திருந்தேன். முடிந்திருந்தது.

“வேண்டாமுங்கப்பா.”

“ரிசல்ட் வரலையே.”

“வரலைங்க. தேறலைன்னாலும் வேண்டாமுங்க. கடையிலயே இருந்துக்கறேன்.”

“அப்ப ஊடு?”

“உட்டுரோணுங்க.”

அவர் சுவரைப் பார்த்தார். தாத்தா அடித்த ஆணியில் அப்பாவின் அங்கி தொங்கியது. நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள என் நாக்கு புரண்டது. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

“உங்கம்மாகிட்ட நீ சொல்லு. சாமியாருகிட்ட நான் சொல்றேன்,” என்றார்.

“உங்களுக்குத் தொண்டை முடியாதுங்களே.”

“ஒரு வார்த்தைதானே.”

பாஸ்கு கழிந்த வெள்ளிக்கிழமை

பங்குச் சாமியார் என் மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் இதைவிட லேசாக இருந்திருக்கும். “பிள்ளைங்களுக்கு யாரு சொல்லிக்குடுப்பா?” என்று மட்டும் கேட்டார். புது உபதேசியார் வரும்வரை சனிக்கிழமைகளில் நான் சொல்லித் தருகிறேன் என்றேன். கேட்டதற்கு அது பதில்தான். ஆனால் முழுப் பதில் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். வருகிறவருக்குச் சின்னக் குழந்தைகள் இருக்கின்றனவாம்.

அம்மாவிடம் சொன்ன நாளிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். அடுப்படியில் சட்டிகளை அடுக்குவதும் பிரிப்பதுமாக இருக்கிறாள். நான் அவளை இருந்த இடத்திலிருந்து பிடுங்கியிருக்கிறேன், அதுவும் கையில் ஒன்றும் இல்லாமல். கடையில் நிற்கும்போதும் பஸ்ஸிலும் அந்தச் சட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கோயில் வீட்டிலிருந்து வெளியே வந்துவிட்டேன் என்று இன்னும் தோன்றவில்லை. வேறு எதற்குள்ளோ போய்க்கொண்டிருப்பது போலத்தான் இருக்கிறது.

காளியப்பன் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வீடு இருப்பதாக நேற்றுச் சொன்னான். அவன் முதலாளியின் உறவுக்காரர், நாச்சிமுத்து என்பவருடையது. இன்று கடை உணவு நேரத்தில் போய் அவரைப் பார்த்தேன். சாவி அவர் தம்பியிடம் இருந்ததால் வீட்டைத் திறந்து பார்க்க முடியவில்லை. வாசலில் நின்று அவர் சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டேன்.

மாலையில் வந்து வீட்டில் சொன்னேன். ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, ஓடு வேய்ந்தது, தெற்குப் பார்த்த வாசல். கோயில் நடக்கிற தூரம். அப்பா தலையை ஆட்டிக் கேட்டார். அம்மா முதுகைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே கேட்டாள்:

“கெணறு ஊட்டுக்குள்ளயா, வெளியவா?”

“அவரு சொல்லலைங்கம்மா.”

“மழைக்கு ஒழுகுமா?”

“அதும் சொல்லலைங்க.”

“பக்கத்துல யாரு குடியிருக்கா?”

“அவரு...” என்று தொடங்கினேன். அம்மா திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாளில் முதல் தடவை.

“அவரு சொல்லலை, சொல்லலைங்கறயே. நீ கேட்டயா?”

“கேக்கலைங்கம்மா.”

“நல்லாப் படிச்சே போ,” என்றாள். சட்டியை இறக்கி வைத்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். “நாளைக்குப் போயிக் கேட்டுட்டு வா. இல்லாட்டி வேண்டாம், நானே வாரேன். உனக்குக் கேக்கத் தெரியாது.”

அப்பாவின் தோள்கள் குலுங்கின. சத்தம் வராததால், அவர் சிரிக்கிறார் என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.